புதிர் 23: இறகு யாருடையது?

பிப்ரவரி 9, திங்கள்

ஆறு நாள் கழித்து இன்று பிரஸ்ஸுக்குப் போனேன். என் நாற்காலியில் யாரோ காலண்டர் அட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்லது.

இந்த டைரியும் பிரஸ்ஸில் கழித்துப்போட்டதுதான். போன வருஷத்தது, கிழமையெல்லாம் தப்பு. அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்கிறேன். பத்து வருஷமாகச் சிவகாசியில் டைரி அச்சடிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன், ஒரு நாள்கூட டைரி எழுதியதில்லை. இப்போது மட்டும் என்னத்துக்கு என்றால், எழுதினால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதற்குத்தான்.

நடந்ததை ஒரு தடவை வரிசையாக எழுதி முடித்துவிடுகிறேன். பிப்ரவரி 3, செவ்வாய், காலை பதினொன்று பத்துக்கு, என் வீட்டுக்காரர் குருசாமி போர்மேனாக இருக்கும் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. நான்கு பேர். மூன்று பேரை அன்றைக்கே அடையாளம் கண்டுவிட்டார்கள். நாலாவது உடலில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. வருகை நோட்டில் அந்த அறைக்கு எழுதியிருந்த நாலாவது பெயர் காளிராஜ். என் கொழுந்தன். கல்யாணமாகிப் பதினாலு மாதம் ஆகிறது. எழுத்துப்பூர்வமாக வேண்டும் என்று என் மாமியாரிடம் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரரைக் காணோம். போன் அணைந்து கிடக்கிறது. வெடித்த கொஞ்ச நேரத்தில், ஹெல்மெட் போட்ட ஆள் ஒருவர் அவருடைய பைக்கைக் கேட்டுக்கு முன்னால் திருப்பிக்கொண்டு பறந்ததை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். பேப்பரில் போட்டுவிட்டார்கள்: போர்மேன் தலைமறைவு.

எழுதியாகிவிட்டது. இனி வேலை.

சென்னைப் பதிப்பகம் ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் கேட்டிருக்கிறது. 'அப்பா மூக்கு, அம்மா கண்ணு: 48 மரபணுப் படப்புதிர்கள்'. ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கத்தில் ஆறு வரி உள்ள ஒரு பட்டை வரைவேன். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நிறப் பொட்டு. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஆறு வரியையும் பொருத்திப் பார்த்து எந்தக் குட்டி எந்த ஆட்டுக்குப் பிறந்தது, எந்த நாய்க்குட்டி வழி தவறி வந்தது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாகச் சின்ன எழுத்தில் போடுவோம். பதினொன்று முடித்திருந்தேன். பன்னிரண்டாவது, அன்றைக்கு எழுந்து ஓடியபோது விட்ட இடத்திலேயே திரையில் நின்றது.

எங்கள் பிரஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. வரைந்தவரைத் தவிர இரண்டு பேர் போட்டுப் பார்க்காமல் எந்தப் புதிரும் அச்சுப் பிளேட்டுக்குப் போகாது. பார்ப்பது மடிப்புப் பகுதிப் பெண்கள், டீ நேரத்தில். இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்தால் பாஸ். வேறுவேறு வந்தால் என் மேசைக்குத் திரும்பிவிடும். பத்து வருஷத்தில் எனக்குத் திரும்பி வந்தது மூன்றே மூன்று.

பிப்ரவரி 10, செவ்வாய்

குழம்பு தீய்ந்துவிட்டது. அப்படியே தின்றோம், நானும் மகள் தர்ஷியும்.

பிப்ரவரி 11, புதன்

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் கேட்க ரைட்டர் எழுதினார்.

"கடைசியா எப்பம்மா பேசினாரு?"

"காலைல ஏழரைக்கு. கிளம்புறப்ப."

"என்ன சொன்னாரு?"

"சட்னில உப்பு கம்மின்னாரு."

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

"அதுக்கப்புறம் போன்ல?"

"ஆலைக்குள்ள செல்போன் கொண்டுபோகக் கூடாது சார். ஆபீஸ் பெட்டியில போட்டுருவாக."

என் செல்போனை வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. "தொடர்பு கொண்டா ஒடனே சொல்லணும். மறைச்சா உங்க மேலயும் கேஸ் ஆயிரும்" என்றார் இன்ஸ்பெக்டர். நான் தலையாட்டினேன். வெளியே வந்து தர்ஷியின் யூனிபார்முக்கு நான்கு பட்டன் வாங்கினேன்.

புதிர் 12, 13, 14 முடித்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

மதுரையிலிருந்து முடிவு வந்துவிட்டது. நாலாவது உடல் வீரலட்சுமி என்பவரின் மகனுடையது. வீரலட்சுமி என் மாமியார். அதாவது, தம்பிதான் என்று எழுத்தில் வந்துவிட்டதாக எல்லாரும் சொல்கிறார்கள்.

தாளை நானும் வாங்கிப் பார்த்தேன். மகன் என்று இருந்தது.

பிப்ரவரி 14, சனி

கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் வைக்கவில்லை, வாசலிலேயே வைத்து எடுத்தார்கள். துணிக்கட்டு சின்னதாக இருந்தது. கொழுந்தன் நெட்டையான ஆள். ஆனால் நெருப்பில் போனதை வைத்து உயரம் ஒன்றும் சொல்ல முடியாது.

கொழுந்தன் பெண்டாட்டி மாரிக்கனிக்கு இருபத்துமூன்று வயசு. எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னை யாரும் தொடவில்லை. அண்ணன் ஓடிப்போய்விட்டதால் பெரியப்பா மகன்தான் கொள்ளிச்சட்டியைத் தூக்கினான்.

பெண்கள் தெருமுனை வரைதான் போவோம். நான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன். டிரான்ஸ்பார்மரையும் தாண்டி. "ஏத்தா செண்பகம், அங்கிட்டு எங்க போற?" என்று அத்தை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.

புதைத்த நாளிலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள் கருமாதி. மார்ச் 1, ஞாயிறு. அதுவரைக்கும் கனி கழுத்தில் தாலி இருக்கலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

பிப்ரவரி 16, திங்கள்

புதிர் 23. ஒரு தாய்க்கிளி. அதற்குப் பெரிய குஞ்சு ஒன்று, சின்னக் குஞ்சு ஒன்று. கூட்டுக்குக் கீழே ஓர் இறகு கிடக்கிறது. தாய்க்கிளியின் பட்டையும் இறகின் பட்டையும் கொடுத்திருக்கிறேன். ஆறு வரியிலும் தாயின் பொட்டு ஒன்று இறகில் இருக்கிறது. இறகு யாருடையது?

விடையைத் தலைகீழாகப் போட்டேன்: சின்னக் குஞ்சு.

பச்சை கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டது. குறைத்தேன்.

பிப்ரவரி 18, புதன்

23 திரும்பி வந்துவிட்டது. கொண்டுவந்தது பாக்கியத்தக்கா. மடிப்புப் பகுதியில் இருபத்தைந்து வருஷம், எட்டாவது வரை படித்தவர். அவர் கையில் மாட்டாத புதிர் இல்லை.

"ஏய் செண்பகம், உனக்கு என்னாச்சு? கிளிக்கு ரெண்டு விடை வருதுடி."

"ஒண்ணுதான்க்கா. சின்னக் குஞ்சு."

"எனக்கும் சின்னதுன்னுதான் வந்துச்சு. நாகம்மாளுக்குப் பெரிசுன்னு வந்துச்சு. ரெண்டு பேரும் மல்லுக்கட்டி டீ ஆறிப்போச்சு. அப்புறந்தான் ஒழுங்கா உக்காந்து பாத்தோம். ரெண்டும் ஒரு ஆத்தாளுக்குப் பொறந்ததுதான? இறகுல ஆத்தாளோட பொட்டு இருக்கு. சரி, அவ புள்ளைதான். எந்தப் புள்ளைன்னு எதை வச்சுச் சொல்ற?"

"சின்னக் குஞ்சுதான கூட்டுல இல்ல."

"பெரிய குஞ்சுந்தான் இல்ல. நீதான வரைஞ்ச?"

பார்த்தேன். கூடு காலியாகத்தான் இருந்தது.

"இதுக்குப் போயி மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? ஒரு சின்ன வேலதான். பெரிய குஞ்சுக்கு ஒரு குட்டி இருக்கும்னு வையி. அந்தக் குட்டியோட பட்டையைப் பக்கத்துல போடு. எல்லா வரியும் இறகோட ஒத்துப்போச்சுன்னா பெரிசு. ஒத்துப்போகலைன்னா சின்னது. முடிஞ்சு போச்சு."

சரி என்றேன். தாளை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

24 முதல் 27 வரை முடித்தேன். 23 அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

சாயங்காலம் கனி வந்தாள். பக்கத்து வீடுதான், ஒரே சுவர். அத்தை அவளோடு இருக்கிறார். கனி வந்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள், நானும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். இன்றைக்குப் போனை நீட்டினாள்.

"அக்கா, இந்த நம்பர்லருந்து யாரோ கூப்பிடுறாக. மூணு தடவை ஆச்சு. எடுத்தாப் பேச மாட்டேங்காக. மூச்சு மட்டும் கேக்குது."

"எவனாவது குடிகாரனா இருப்பான். வச்சிரு."

"குடிகாரன் மாதிரி இல்லக்கா. நான் அலோ அலோங்கிறேன், அங்கிட்டு அழுகிற மாதிரி இருக்கு. பின்னாடி பஸ் ஆரன் கேக்குது. திருப்பூரு, திருப்பூருன்னு கண்டக்டர் கத்துறாரு. திருப்பூர்ல எனக்கு யாருக்கா இருக்கா?"

"யாரும் இல்ல" என்றேன்.

நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். சும்மாதான். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவளும் அப்படியே குடித்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 21, சனி

சிலிண்டர் வந்தது. தர்ஷிக்குத் தலை பார்த்தேன், பேன் இருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

குழாயடியில் சின்னத்தாய் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷனும் அந்த நாலு பேரில் ஒருவர்.

"வந்துட்டா பாரு, ஓடிப்போனவன் பொண்டாட்டி. எங்க தாலிய அறுத்துட்டு எவ மடியில போயி ஒளிஞ்சிருக்கான் உன் புருஷன்? கூடப்பொறந்தவன் கருகிக் கெடக்கான், திரும்பிப் பாக்காம வண்டிய எடுத்துட்டு ஓடிருக்கானே, அவனெல்லாம் ஒரு மனுசனா? உயிரு அம்புட்டு வெல்லமா இருக்கோ அவனுக்கு?"

இன்னும் நிறையச் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை. குடம் நிறைந்து வழிந்தது, நான் எடுக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அவள் திட்டத் திட்ட உடம்புக்குள் ஏதோ தெம்பு வந்தது. ஒளிந்திருக்கிறான் என்கிறாள். ஓடியிருக்கிறான் என்கிறாள். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்று நின்றேன். பத்தொன்பது நாளில் இன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

பிப்ரவரி 24, செவ்வாய்

தர்ஷி கேட்டாள், "அப்பா எப்பம்மா வருவாக?"

"கேஸ் முடியட்டும்."

"கேஸ் எப்ப முடியும்?"

"வாயை மூடிட்டுப் படி."

பன்னிரண்டு வயசு. படுத்த பிறகு பார்த்தேன், அவர் மாதிரியே வலது கையைத் தலைக்குக் கீழே மடித்து வைத்துத் தூங்குகிறாள்.

பிப்ரவரி 25, புதன்

கருமாதிக்கு என்னென்ன வேண்டும் என்று அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன். பந்தல், சாமான், சமையலுக்கு ஆள். கனிக்கு அவள் அண்ணன் கோடிச்சேலை எடுத்து வருவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கை நிறைய வளையலும் தலை நிறையப் பூவும் வைத்து உட்கார வைப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் எடுப்பார்கள். தாலி இழந்த பெண்கள் மட்டும்தான் அந்த அறைக்குள் இருப்பார்கள்.

அத்தை என்னைப் பார்த்து, "நீ அந்த நேரம் உள்ள வந்துறாத தாயி. நீ சுமங்கலி. வெளியில நின்னுக்கோ, உன் கண்ணுல அது படக்கூடாது. எம்புள்ள எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்றார்.

சரிங்க அத்தை என்றேன். எழுதிய தாளில் அடுத்து என்ன எழுத வேண்டும் என்று தெரியவில்லை. "வாழையிலை எத்தனை?" என்று கேட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு பாக்கியத்தக்கா என் மேசைக்கு வந்து நின்றார்.

"கிளி எங்க?"

"இன்னும் முடிக்கலக்கா."

"எட்டு நாளாவா? மத்த நாப்பத்தேழும் போட்டுட்ட. அது மட்டும் முடியலையாக்கும்." குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன். அன்னைக்குச் செவ்வாக்கெழம காலைல பிரஸ் போனுக்கு உனக்கு ஒரு கால் வந்துச்சு. பத்தேமுக்கா இருக்கும். நான்தான் எடுத்தேன். உன் வீட்டுக்காரர் குரல் எனக்குத் தெரியாதா? நான்தான உன்னையக் கூப்பிட்டேன்."

நான் திரையில் இருந்ததைச் சேமித்தேன்.

"போலீஸ்ல நீ அதச் சொல்லலைன்னு ஊருக்கே தெரியும். காலைல சட்னிக்கு உப்பில்லைன்னு பேசினதுதான் கடைசின்னு பேப்பர்ல வந்துச்சு. நானும் யார்கிட்டயும் மூச்சு விடல, விடவும் மாட்டேன். என்ன பேசினாருன்னும் கேக்கல. ஆனா ஞாயித்துக்கெழம அந்தப் புள்ள கழுத்துல கை வைக்கப் போறாக. அதச் சொல்லிட்டேன்."

போய்விட்டார்.

என்ன பேசினார் என்பதை எழுதுகிறேன். இதுவரை எழுதவில்லை, ஏனென்றால் எழுதினால் நான் படிக்க வேண்டியிருக்கும்.

ஆலை ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டார். "செண்பகம், சாயங்காலம் தர்ஷி ஸ்கூல் மீட்டிங்குக்கு நீ போயிரு. என்னால வர முடியாது. தம்பிக்குப் பல்லு வலி, கன்னம் வீங்கிப்போச்சு, காலைலருந்து துடிக்கான். வண்டியக் குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். அவன் எடத்துல நான் உக்காந்து முடிச்சுக் குடுத்துர்றேன்" என்றார். போர்மேன் மருந்து அறையில் உட்காரக் கூடாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றேன். "விடு, நோட்டுல அவன் பேருதான் இருக்கு. ஒரு நாள்தான" என்றார். பன்னிரண்டாவது புதிரில் ஒரு பொட்டு நிறம் மாறிப்போயிருந்தது, என் கவனம் அதில் இருந்தது. "சரி சரி, வைங்க, வேலை கெடக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவ்வளவுதான். இருபத்தைந்து நிமிஷம் கழித்துச் சத்தம் கேட்டது. பிரஸ் ஜன்னல் ஆடியது.

எனக்கு எல்லாம் தெரியும். முதல் நாளே தெரியும். அவர் பைக்கில் போனது யார் என்று தெரியும். ரத்தம் எடுக்க வந்தவரிடம் என் மகளையும் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் செத்துப்போவார். சொல்லாவிட்டால் ஓடிப்போனவராக இருப்பார். ஊர் காறித் துப்பட்டும், போலீஸ் தேடட்டும், எங்கேயோ ஒரு ஊரில் தாடி வளர்த்துக்கொண்டு டீக்கடையில் நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அவர் உயிரோடு வேண்டும். யோக்கியராக வேண்டாம், உயிரோடு வேண்டும். அதற்காகக் கனியின் புருஷனைக் கொன்று புதைத்துவிட்டு அவளுக்குச் சர்க்கரை இல்லாத டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

காலையில் பிரஸ்ஸுக்குப் போனதும் 23ஐ எடுத்தேன். பெரிய குஞ்சுக்கு ஒரு குட்டி வரைந்தேன். அதன் பட்டையில் ஆறு வரி. ஒவ்வொரு வரியிலும் இறகின் பொட்டு ஒன்று. விடையை மாற்றினேன்: பெரிய குஞ்சு. பாக்கியத்தக்காவும் நாகம்மாளும் போட்டுப் பார்த்தார்கள். ஒரே விடை. பாக்கியத்தக்கா தாளில் டிக் போட்டுவிட்டு என் முதுகில் ஒரு தடவை கையை வைத்தார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அந்தத் திருப்பூர் நம்பருக்குப் போட்டேன். எடுத்தார்கள், பேசவில்லை. மூச்சு கேட்டது.

"தம்பி, நான் மதினி பேசுறேன்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அழுதார். பெரிய ஆம்பிளை அப்படி அழுது நான் கேட்டதில்லை.

"மதினி, சத்தம் கேட்டதும் திரும்பி வந்தேன் மதினி. கேட்டு வரைக்கும் வந்தேன். நான் இருக்க வேண்டிய ரூம்பு மதினி அது. பயந்து ஓடிட்டேன். மறுநாள் பேப்பர்ல பாத்தா நான் செத்துட்டேன்னு போட்டிருக்கு, அண்ணன் தலைமறைவுன்னு போட்டிருக்கு. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

"கனியை நெனைக்கலையா?"

"நெனைக்காம எப்படி மதினி? அவ கொரலு கேக்கத்தான் போன் போட்டேன். ஆனா நான் வந்தா உங்க தாலி போயிருமே மதினி."

"அது அன்னைக்கே போயிருச்சு தம்பி" என்றேன். "உங்க அண்ணன் செத்துப்போயிட்டாரு."

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்ன பிறகும் வீடு அப்படியே இருந்தது. மிக்ஸி இருந்த இடத்தில் இருந்தது. கொடியில் அவர் கைலி கிடந்தது.

"ராத்திரி பஸ் ஏறி வந்துருங்க. நேரா வீட்டுக்கு வாங்க. நானும் ஸ்டேஷனுக்கு வரேன்."

அப்புறம் பக்கத்து வீட்டுக்குப் போனேன். கனி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, பல் வலி, பைக், திருப்பூர், எல்லாம். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மகன் உயிரோடு வருகிறான், இன்னொரு மகனைப் புதைத்துப் பதினாலு நாள் ஆகிவிட்டது, எதற்கு முதலில் அழுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்.

கனி எழுந்து வந்தாள். "தெரிஞ்சே இருந்தீகளாக்கா?"

"ஆமா."

"இத்தன நாளும்?"

"ஆமா கனி."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறத்தைக் கீழே வைத்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பிறகு, "பல்லு வலி சரியாயிருச்சாமாக்கா அவுகளுக்கு?" என்று கேட்டாள்.

நான் அதைக் கேட்கவே இல்லை.

தர்ஷிக்கு நாளைக்குச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 28, சனி

கொழுந்தன் விடிகாலையில் வந்தார். கன்னம் வற்றிப்போயிருந்தது. வாசலிலேயே விழுந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். எழுந்திருங்க தம்பி என்றேன். எழுந்திருக்கவில்லை, கனிதான் தூக்கிக்கொண்டு போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுவதும் அவரை அடிப்பதும் கேட்டது.

தர்ஷி கதவோரம் நின்று பார்த்தாள். சித்தப்பா என்று ஓடவில்லை. தானாகவே யூனிபார்மைக் கழற்றிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவளுக்கு ஜடை போட்டுவிட்டேன்.

ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் இருந்தோம். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார், கத்திவிட்டு அவரே தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கொழுந்தனை அங்கேயே உட்கார வைத்துக்கொண்டார்கள். என்னையும் தர்ஷியையும் ஒரு போலீஸ்காரம்மா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளையின் ரத்தம் வேண்டும், அதை வைத்துத்தான் முடிவாகச் சொல்ல முடியும் என்றார்கள். தெரியும் என்றேன்.

ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒரு படிவம். தர்ஷியிடம் கொடுத்தேன். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். தன் பெயர் எழுதினாள், வயது எழுதினாள், முகவரி எழுதினாள். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு 'மகள்' என்று எழுதினாள். அப்புறம் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, மேல இறந்தவர் பேருன்னு சித்தப்பா பேரை டைப் அடிச்சிருக்காக. கீழ மகள்னு எழுதினாத் தப்பாயிருமே."

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். கேஸ் காகிதத்தில் இருந்த பெயரை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். இறந்தவர் பெயர்: காளிராஜ்.

"அடிச்சிரு" என்றேன்.

"அடிச்சிட்டு?"

"அப்பா பேரை எழுது."

ஒரு கோடு போட்டு அடித்தாள். அடித்ததற்கு மேலே, இடம் போதாததால் சின்ன எழுத்தில், எழுத்துக்கூட்டாமல், நிதானமாகக் குருசாமி என்று எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவுக்கு மூடி போட்டாள். மூடி சரியாக மாட்டவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றாள்.

மார்ச் 1, ஞாயிறு

கருமாதியை நிறுத்தவில்லை. மதுரையிலிருந்து தாள் வர இன்னும் பத்து நாள் ஆகும், ஆனால் அதற்காகக் காத்திருக்க ஒன்றும் இல்லை. பந்தல் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சின்னத்தாய் வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள்.

கனியின் அண்ணன் கொண்டுவந்த கோடிச்சேலையை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். என் அண்ணனுக்கு நேற்று ராத்திரிதான் சொன்னேன், அவன் இன்னும் வந்து சேரவில்லை. கனி தன் அண்ணனிடமிருந்து சேலையை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள்.

அறைக்குள் தாலி இழந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள், வளையல், பூ எல்லாம் தட்டில் இருந்தது. நான், அத்தை புதன்கிழமை சொன்ன இடத்தில், வெளியே, கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அத்தை எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"செண்பகம், உள்ள வா" என்றார்.

போனேன்.